முன்வரிசையில் ரெண்டு சீட்டு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அதுக்கென்ன. அது என்ற ஊட்டுக்காரி சீட்டுத்தான். அட, எந்திரிக்காதீங்க, அவ வரமாட்டா. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் உங்களக் கொண்டாந்து உக்கார வெச்சுது. "சார், உங்க பக்கத்து சீட்டுக்கு ஆள் வரல, பின்னால ஒருத்தருக்கு பெல்ட்டு பூட்ட மாட்டேங்குது, இங்க உக்கார வெக்கட்டுங்களா"ன்னுச்சு. வெய்யி அம்மணின்னுட்டேன். காலியாக் கெடந்து என்ன ஆகப் போகுது.

நல்லாக் காலை நீட்டிக்குங்க. இந்தக் கைப்பிடிக்குள்ள ஒரு பலகை இருக்குது, இழுத்தா சோத்துத் தட்டு வெக்கறதுக்கு வெளிய வரும். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. நானும் இந்த முன்சீட்டுல உக்கார்றது இன்னைக்குத்தான் மொதத் தடவ. எத்தன ஆசைப்பட்டேன் தெரியுமா. ஆனா உக்காந்ததுல இருந்து ஒண்ணும் தோணலீங்க. சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்து எந்திரிச்சா கால் மரத்துக் கெடக்குமில்ல, அந்த மாதிரிக் கெடக்குது நெஞ்சு.

உங்களுக்கு எந்த ஊருங்க? அவிநாசியா? அட, நம்ம பக்கந்தான். நான் வெள்ளக்கோயிலு. பேரு சென்னியப்பன். தேங்காய்க்களம் வெச்சிருக்கறனுங்க. தேங்காய ஒடச்சுக் காயப் போட்டு, பருப்பெடுத்து எண்ணெய்க்கு அனுப்பற சோலி.

ஊட்டுக்காரி செத்துப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டீங்களாட்ட இருக்குது, மூஞ்சிய அப்படி வெக்கறீங்க. இல்லீங்க சாமி. நல்லா இருக்கறா. இதே பிளேன்லதான் இருக்கறா. பின்னால, கடைசில.

சொல்றேன், சொல்றேன். டெல்லி போற வரைக்கும் என்ன வேலை நமக்கு. நீங்க படிச்சவராட்டத் தெரியறீங்க, குத்தம் யாரு மேலன்னு கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. இந்த பிளேன் கம்பெனி மேல கேசு போடலாமான்னு எனக்கு ஒரு ரோசனை. பேரு வேண்டாம். அவங்க வண்டிக்குள்ளயே உக்காந்துக்கிட்டு அவங்கள ஏன் பேசோணும்.

என்ற சம்சாரம் பேரு துளசிமணி. அவளுக்குக் கூடப் பொறந்தது ஒரே அண்ணன். நாச்சிமுத்து. டெல்லில பெரிய உத்தியோகம் பாத்து, அங்கயே ஊடு கட்டி, அங்கயே இருந்துட்டாரு. எனக்கு மச்சான். தங்கமான மனுசன், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வாய் இருக்குது பாருங்க, அது கொஞ்சம் எச்சு.

அவரு புள்ளை கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் ரயில்ல போனமுங்க. அது ஆச்சு ரொம்ப வருசம். சாதாரண தூங்கற பெட்டி, வெய்யக் காலம், வழி பூரா அனல். இவ சும்மா வருவாளா? ஒரு மூட்டை தேங்கா, ஒரு மூட்டை பச்சப்பயறு, இடியாப்பமாட்டச் சந்தகை பிழியற படி வேற. அண்ணனுக்குத் தங்கச்சி கையால சந்தகை பிழிஞ்சு, தேங்காப்பால் ஊத்திக் குடுத்தா அன்னைக்கு ஆபீசு போறதே மறந்துரும். ரயில விட்டு எறங்கறோம், மச்சான் அவரு ஆபீசு ஆளுங்க நாலஞ்சு பேரோட வந்து நிக்கறாரு. எங்களப் பாத்துட்டு, அத்தன பேருக்கும் முன்னால சொல்றாரு: "என்ன மாப்ள, இதுல மூட்டை எது, என்ற தங்கச்சி எதுன்னே தெரியலியே!"

எல்லாரும் சிரிச்சாங்க. துளசிமணியும் சிரிச்சா. அவதான் எச்சாச் சிரிச்சா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சு, அண்ணன் தோள்ல ஒரு அடி போட்டா. நான் சிரிக்கலீங்க. அன்னைக்கே நெனச்சேன். இருடா மச்சான், ஒரு நாளைக்கு உன்ற தங்கச்சிய பிளேன்ல, அதுவும் முன்சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்து எறக்கறனா இல்லையா பாருன்னு.

அதுக்குத்தான் பிளேன் கம்பெனில இந்த பாஸு எடுத்தது. போன வருசம் கோயமுத்தூருல ஒரு கண்காட்சி. பிளேன் கம்பெனிக்காரங்க கடை போட்டிருந்தாங்க. கோட்டுப் போட்ட பொண்ணு ஒண்ணு, பேச்சு தேனு. மொத்தமா இப்பவே கட்டிட்டா போதும் சார், ஒரு வருசத்துக்குள்ள பத்துத் தடவ, ரெண்டு பேரு, முன்சீட்டு, எப்ப வேணாலும் பறக்கலாம்னுச்சு. அங்கயே கட்டிட்டேன். ஊட்டுக்கு வந்து துளசிமணி கையில குடுத்தா, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இத்தன தடவ எங்கீங்க போறது? நமக்கு டெல்லி ஒண்ணுதான?"ன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்.

கட்டுனதுக்கு அப்பறந்தான் தெரியுது, எப்ப வேணாலும் இல்லையாம். ஒவ்வொரு பிளேன்லயும் முன்னால இருக்கற சீட்டுல, பாஸுக்காரனுக்குன்னு ஒண்ணோ ரெண்டோதான் ஒதுக்குவாங்களாம். அது போச்சுன்னா போச்சு. மத்த முன்சீட்டெல்லாம் காலியாவே பறந்தாலும் நமக்குக் கெடையாது. இது எந்த ஊரு நாயமுங்க? பந்தில எலையப் போட்டு, சோத்தையும் வெச்சுட்டு, ஆளும் இல்லாம, நம்மளப் பாத்து நீ உக்காராதேன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அதே பாஸுல பின்சீட்டு எப்பவும் கெடைக்குமாம். அத மட்டும் நல்லாச் சொல்லுவாங்க. போனை எடுத்ததும், "சார், முன்னால ஒண்ணு இருக்கு, பின்னால ஒண்ணு போட்டுரட்டுங்களா?" நான் கேட்டனா பின்சீட்டு?

தைப்பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள்ல மச்சானுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சுங்க. ஈரல்ல என்னமோன்னாங்க. துளசிமணி அன்னைக்கே சந்தகைப் படிய எடுத்து, வெள்ளத் துணில சுத்தி, பையில வெச்சுட்டா. "ஏனுங்க, நாளைக்குப் போலாங்களா?"ன்னா. போலாம் இரு, சீட்டுப் போடறேன்னேன். போன் போட்டேன். ஒண்ணுதான் இருந்துச்சு. அடுத்த நாளுக்குக் கேட்டேன், ஒண்ணு. அதுக்கடுத்த நாளு ஒண்ணுமே இல்ல.

நான் சும்மா இருக்கலீங்க, அத நீங்க தெரிஞ்சுக்கோணும். தெனம் காலைல களத்துல கட்டலப் போட்டு உக்காந்து இதே வேலை. தேங்காய் லோடு வந்து நிக்கும், எடை போட ஆளில்லாம டிரைவர் கத்துவான், நான் போன்ல தொங்கிக்கிட்டு இருப்பேன். போன் எடுக்கற பொண்ணுங்க பேரெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு பொண்ணு, நிவேதனான்னு, அதுக்கே பாவமாப் போச்சு. "ஐயா, ஒடம்பு முடியாதவங்களப் பாக்கப் போறீங்க, பின்னாலயே போயிட்டு வந்துருங்களேன், வர்றப்ப முன்னால பாத்துக்கலாம்"னுச்சு. அம்மணி, எனக்குப் புத்தி சொல்றதுக்கா கம்பெனி உன்னைய வெச்சிருக்குதுன்னு கேட்டுட்டேன்.

துளசிமணியும் அதேதான் சொன்னா. "நீங்க முன்னால உக்காருங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன். எல்லாரும் ஒரே வாசல்லதான எறங்கப் போறோம்? யாரு எங்க உக்காந்து வந்தான்னு அண்ணனுக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியுமில்லன்னேன். நீங்களே சொல்லுங்க தம்பி, எனக்குத் தெரியுமில்ல? கட்டுனவன் முன்னால காலை நீட்டிக்கிட்டு வாரான், பொண்டாட்டி பின்னால கக்கூஸ் பக்கத்துல ஒடுங்கிக்கிட்டு வாராளாம். அதுக்கா பாஸ் எடுத்தது? அவளுக்கோசரம் எடுத்தது. அவளுக்கோசரந்தான் நான் அத்தன நாள் அந்தப் போனக் காதுல வெச்சுக்கிட்டுக் கெடந்தது.

மச்சானே ஒரு நாள் கூப்புட்டாரு. கொரலு சன்னமாப் போயிருச்சு. "என்ன மாப்ள, எப்பத்தான் வர்றீங்க?"ன்னாரு. சீட்டுக் கெடைக்கலீங்க மச்சான்னேன். "நின்னுக்கிட்டாவது வாங்க மாப்ள, பிளேன்ல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்க உட மாட்டானா?"ன்னு சிரிச்சாரு. சிரிப்பு இருமலாப் போச்சு. அப்பறம் துளசிமணிகிட்டக் குடுன்னாரு. அவகிட்ட என்ன சொன்னாரோ, "பிழிஞ்சு தாரேன், பிழிஞ்சு தாரேன், வர்றேண்ணா"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா.

அட, காப்பி வந்துருச்சு. வாங்கிக்குங்க. இங்க பீங்கான் கப்புலதான் தருவாங்களாம். நமக்கு இந்த மரியாதைக்குத்தான் இத்தன பாடு. சக்கரை போட்டுக்குங்க. எனக்கு வேண்டாம் அம்மணி, கொண்டு போ.

எங்க உட்டேன்? ஆங். சித்திரைல ஒரு நாள் அமைஞ்சுதுங்க. ரெண்டு சீட்டு, ரெண்டும் முன்னால. நிவேதனாப் பொண்ணே கூப்புட்டுச் சொல்லுச்சு. துளசிமணி பூ வெச்சுக்கிட்டா, பச்சைப் பட்டு கட்டிக்கிட்டா, வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு ஒரு தூக்குப்போசி நெறைய எடுத்துக்கிட்டா. கார்ல கோயமுத்தூரு வந்தோம். வழி பூரா ஒரே பேச்சு. அண்ணன் சின்னதுல கெணத்துல குதிச்சது, அம்மாகிட்ட அடி வாங்குனது, எல்லாம். நான் அவள அத்தன சந்தோசமாப் பாத்தது அன்னைக்குத்தான் கடைசி.

கவுண்டர்ல போய் நின்னா, அங்க இருந்த பையன் கம்ப்யூட்டரத் தட்டறான், தட்டறான், தட்டிக்கிட்டே இருக்கறான். என்ன தம்பின்னேன். "சார், இன்னைக்கு வேற பிளேன் மாத்திட்டாங்க, இதுல முன்சீட்டு கம்மி. பாஸ்ல வந்தவங்கள பின்னால மாத்தியிருக்கோம். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல, ஜன்னலோரமாப் போட்டுத் தந்தர்றேன் சார்"ங்கறான். சாரின்னு வேற சொல்றான்.

எனக்கு வந்துது பாருங்க கோவம். கத்துன கத்துல வரிசை பூரா திரும்பிப் பாத்துச்சு. மேனேஜரக் கூப்புடுன்னேன். வந்தான். அவனும் அதே சாரி. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். முன்சீட்டு ரெண்டு குடுத்தா ஏறறோம், இல்லீன்னா உன்ற பிளேன நீயே ஓட்டிக்கோன்னுட்டேன். துளசிமணி என்ற சட்டையப் புடிச்சு இழுக்கறா. "ஏனுங்க, ஏறிக்கலாமுங்க. ஏனுங்க. பிளேன் நிக்குது பாருங்க. அதா நிக்குது பாருங்க"ங்கறா. நான் பையத் தூக்கிக்கிட்டுத் திரும்பி நடந்துட்டேன். பின்னாலயே வந்தா. வராம என்ன பண்ணுவா.

இத்தன வருசத்துல நான் கெத்தா ஒரு காரியம் பண்ணுனேன்னா அதுதானுங்க. அந்த மேனேஜர் மூஞ்சியப் பாக்கோணுமே நீங்க.

திரும்பி வர்றப்பவும் கார்தான். பல்லடம் வந்ததும் வண்டிய நிறுத்தச் சொன்னா. எறங்கி, அந்தத் தூக்குப்போசில இருந்த கச்சாயத்த பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு இருந்தவங்களுக்கெல்லாம் எடுத்து எடுத்துக் குடுத்தா. போசியக் கவுத்திப் பாத்துட்டு வந்து உக்காந்தா. உனக்கென்ன பைத்தியமான்னு கேட்டேன்.

அந்த வாரம் தாண்டலீங்க. மச்சான் போயிட்டாரு.

அன்னைக்கு நான் கௌரவம் பாக்கலீங்க. சாவுக்குப் போறதுல அதெல்லாம் பாக்கறவன் இல்ல நான். போனப் போட்டு, பின்சீட்டே போதும், கடைசி சீட்டே போதும், உடனே போடுன்னேன். அன்னைக்குப் பாத்து பின்னாலயும் இல்ல, முன்னாலயும் இல்ல. எந்தக் கம்பெனிலயும் இல்ல. புள்ளைகளுக்கு லீவு உட்டிருக்கற நேரமாம், அத்தன சனமும் பறக்குது. மறுநாளைக்குத்தான்னாங்க. அங்க வடக்க பொணத்த ரொம்ப நேரம் வெச்சிருக்க மாட்டாங்களாம், வெய்யலு வேற. மச்சான் பையன் எல்லாத்தையும் போன் வீடியோவுலயே காட்டுனான். துளசிமணி அந்தப் போன அம்மிக்கல்லு மேல சாச்சு வெச்சு, முன்னால கீழ உக்காந்து பாத்தா. சத்தம் போட்டு அழுகல. பெத்தவங்க போனப்பவெல்லாம் எட்டூருக்குக் கேக்கற மாதிரி அழுதவ, அன்னைக்கு ஒரு சத்தம் இல்ல. முடிஞ்சதும் எந்திரிச்சா. பைல இருந்த சந்தகைப் படிய எடுத்தா, துணிய அவுத்தா, கழுவித் தொடச்சா, அட்டாலி மேல ஏத்தி வெச்சுட்டா.

அன்னைல இருந்து எங்கூடப் பேச்சு இல்ல. சோறு போடறா, தண்ணி மோந்து வெக்கறா, சட்டை தொவைக்கறா. பேச்சு மட்டுந்தான் இல்ல. அண்ணன் போன துக்கம், ஆறட்டும்னு நானும் உட்டுட்டேன். எனக்கும்தான் துக்கம். மச்சான் இருக்கறப்பவே இவள முன்சீட்டுல கொண்டு போய் எறக்கிக் காட்டோணும்னு நெனச்சவனாச்சே நான். யாருகிட்டப் போய்ச் சொல்றது.

இப்பக் கருமாதிக்குப் போறமுங்க. வேடிக்கையப் பாருங்க, போன வாரம் போன் போட்டா, "ஐயா, ரெண்டு இருக்குது, ரெண்டும் முன்னால, பிளேன் மாறாது, நான் கேட்டுட்டேன்"னு நிவேதனாப் பொண்ணு சொல்லுது. ஊட்டுக்குள்ள ஓடி, துளசி, ரெண்டும் முன்சீட்டு புள்ளைன்னு கத்துனேன். அடுப்படில நின்னுக்கிட்டு இருந்தா. திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தா. அவ்வளவுதான். மறுக்கா வெங்காயத்த அரிய ஆரம்பிச்சுட்டா.

நேத்துத்தான் தெரியுது, அவ பக்கத்து ஊட்டுப் புள்ளைகிட்டச் சொல்லித் தனியா டிக்கெட்டுப் போட்டுக்கிட்டான்னு. இதே பிளேன்லயே. பின்னால, கடைசி வரிசைல. இன்னைக்குக் கார்ல ஏறுன்னா ஏறல, வெடியால பஸ்ஸப் புடிச்சுக் கோயமுத்தூரு வந்துட்டா. ஏர்போர்ட்ல பாத்தேன், அந்தக் கோடில உக்காந்திருந்தா. போய் முன்னால நின்னேன். உன்ற சீட்டு காலியாத்தான் இருக்குது துளசின்னேன். எந்திரிச்சுப் போய் வரிசைல நின்னுக்கிட்டா.

முன்சீட்டுக்காரங்களத்தான் மொதல்ல ஏத்தறாங்க. நான் வந்து உக்காந்து, இந்தச் சீட்டுத் துணிய நல்லாத் தட்டி உட்டு வெச்சிருந்தேன். அவ பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தா. இங்கதான், இந்த எடத்துலதான், முன்னால ஆளு நிக்கறாங்கன்னு கொஞ்ச நேரம் நின்னா. முந்தானை என்ற கை மேல பட்டுச்சு. துளசி, உக்காருன்னேன். முன்னால இருந்த ஆளுங்க நகந்தாங்க. அவளும் போயிட்டா.

சொல்லுங்க தம்பி. கம்பெனி மேலதான குத்தம்? ரெண்டு சீட்டு, அன்னைக்கே ஒழுங்காக் குடுத்திருந்தா இதெல்லாம் நடக்குமா?

என்ன, பின்னாலயே திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க.

ஆமா, நீங்க எந்த வரிசைல இருந்து வந்தீங்க? கடைசியா? பெல்ட்டு பூட்டாதது கடைசி வரிசைலயா? அப்ப நீங்க பாத்திருப்பீங்களே. காப்பிக்கலர் சேலை, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி, மடில ஒரு மஞ்சப்பை. பக்கத்து சீட்டேதானா! அட. உங்ககூடப் பேசுனாளா? பேசுனாளா? என்ன பேசுனா?

பிளேன் கெளம்பாம நின்ன நேரத்துல கட்டுச்சோறு குடுத்தாளா. என்ன சோறு? அரிசிம்பருப்புச் சோறா. நல்லா இருந்துச்சுங்களா? நல்லாத்தான் இருக்கும், அவ கை அப்படி. எனக்குக் கட்டலீங்க. நான் கேக்கவும் இல்ல.

எங்க போறீங்கன்னு கேட்டீங்களா? என்ன சொன்னா? அண்ணனப் பாக்கப் போறேன்னாளா. அப்படியேவா சொன்னா, பாக்கப் போறேன்னு?

கூட யாரு வந்திருக்கறாங்கன்னு கேக்கலீங்களா? கேட்டீங்களா. என்ன சொன்னா? சொல்லுங்க, பரவால்ல. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

ஒருத்தரும் இல்லேன்னாளா.

செரி.

அவளுக்கு இந்த எஞ்சின் சத்தத்துல காது சரியாக் கேட்டிருக்காது. நீங்க கேட்டது ஒண்ணு, அவ நெனச்சுக்கிட்டது ஒண்ணா இருக்கும். மறுக்காவும் கேட்டீங்களா? அப்பவும் அதேதானா.

செரிங்க. செரி.

காது அடைக்குது பாருங்க. எறங்கறானாட்ட இருக்குது. எச்சில முழுங்குனாச் செரியாப் போயிரும். அதோ கீழ, டெல்லி. என்ன ஊரோ. ஒரே புழுதி.

எறங்கிருச்சு. நீங்க முன்னால போங்க தம்பி. முன்சீட்டுக்காரங்கதான் மொதல்ல எறங்கோணுமாம், அதுக்கும் சேத்துத்தான் காசு வாங்கியிருக்கறாங்க. நான் உக்காந்திருக்கறேன். அவ வரட்டும், பையக் கையில வாங்கிக்கிட்டு ஒண்ணா எறங்கறோம். வெளிய மச்சான் பையன் நிப்பான், ஒண்ணாப் போய் நின்னாத்தான் நல்லா இருக்கும். அவ பேசாட்டிப் போகுது. எல்லாரும் இந்த வாசல் வழியாத்தான போயாகோணும். அவளே சொன்னதுதான்.

மைக்குல என்னமோ இந்தில சொல்றாங்களே, என்னங்க அது?

பின்னாலயும் கதவத் தொறந்துட்டாங்களா. பின்னால இருக்கறவங்க பின்னாலயே எறங்கிக்கலாமா.

ஓ. அப்படியும் ஒரு வாசல் இருக்குதுங்களா.